தராசும் திரையும்: மொனிட்டர் பெட்டியில் இருக்கும் எண்களின் கதை

கொழுந்து நிறுக்கிற இடத்தில் நின்று பார்த்தவர்களுக்கு ஒரு விசயம் தெரியும். தராசு ஒரு எண்ணைக் காட்டும், புத்தகத்தில் வேறொரு எண் விழும். சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழித்துவிட்டுத்தான் கிலோவை எழுதுவார்கள். அன்றைக்கு முழுப் பேரா, அரைப் பேரா என்பதை அந்த மிச்ச எண்தான் தீர்மானிக்கும். எண்ணை அப்படியே நம்பக் கூடாது, அது எப்படி வந்தது என்று கேட்க வேண்டும் என்பதை நம்ம அம்மாமார் பள்ளிக்கூடம் போய்ப் படிக்கவில்லை. தராசுக்கு முன்னால் நின்றே படித்தார்கள்.

இப்போது பதுளை டவுனில் ஒரு கொம்பியூட்டர் கடைக்கு வாருங்கள். மொனிட்டர் பெட்டியின் பக்கவாட்டில் ஒரு ஸ்டிக்கர்: 21.5 அங்குலம், 1920 × 1080, 75 ஹேர்ட்ஸ், 5 மில்லி செக்கன், ஐ.பி.எஸ், எல்.இ.டி. கடைக்காரர், "நல்ல சாமான் தம்பி, எடுத்துட்டுப் போங்க" என்கிறார். நாமும் தலையாட்டுகிறோம். வீட்டில் யாரோ பல மாதம் மலையில் நின்று சேர்த்த காசு அது. ஆனால் தராசுக்கு முன்னால் கேட்கிற கேள்வியை இந்த ஸ்டிக்கருக்கு முன்னால் நாம் கேட்பதில்லை.

இந்த எண்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரலாறு உண்டு. யாரோ, எங்கேயோ, தங்கள் தேவைக்காக உண்டாக்கிய எண்கள் இவை. அந்தத் தேவையும் நம்ம தேவையும் ஒன்றுதானா என்று பார்ப்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

அங்குலம்: பின்னால் ஒளிந்திருந்த மிச்சம்

எல்லா மொனிட்டருக்கும் பாட்டன் கதோட்டுக் கதிர்க் குழாய். 1897இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரத்தில் இருந்த ஜெர்மானிய இயற்பியலாளர் கார்ல் பெர்டினண்ட் பிரவுன் அதைச் செய்தார். கண்ணாடிக் குழாயின் பின்கழுத்தில் இருந்து இலத்திரன் பாயும், முன்பக்கம் பூசியிருக்கும் பொஸ்பரில் பட்டு ஒளிரும். பழைய பெட்டி டிவியும் டியூப் மொனிட்டரும் முதுகு புடைத்துக்கொண்டு இருந்ததற்கு அந்தக் கழுத்துதான் காரணம்.

இலங்கைக்கு அந்தக் குழாய் டிவியாகத்தான் வந்தது. 1979 ஏப்ரல் 13இல் ஐ.டி.என் தொடங்கியது. 1982 பெப்ரவரி 15இல் ரூபவாஹினி வந்தது. பிதுருதலாகல உச்சியில் கோபுரம் எழுந்ததும் மலைநாட்டுக்கும் படம் எட்டியது. ஆனால் அலை எட்டிய இடத்தில் எல்லாம் கரண்ட் எட்டவில்லை. கார் பெட்டரியில் டிவி ஓடிய லயங்களைப் பற்றி நம்ம அப்பாமாரிடம் கேட்டுப் பாருங்கள். பெட்டரியைச் சார்ஜ் பண்ணத் தலையில் சுமந்துகொண்டு டவுனுக்கு நடந்தது, படம் முடிகிற நேரம் பார்த்துப் பெட்டரி இறங்கியது, ஒரு வீட்டு வாசலில் முழு லயமும் உட்கார்ந்து பார்த்தது என்று கதை கதையாகச் சொல்வார்கள். 'ஒரு திரை, பல கண்கள்' என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

அளவுக்கு வருவோம். திரையை மூலைக்கு மூலை அளந்து அங்குலத்தில் சொல்லும் வழக்கம் அந்தக் குழாய்க் காலத்தில் வந்தது. அதில் ஒரு சூட்சுமம் இருந்தது. அளந்தது குழாயின் முழு முகத்தை. அந்த முகத்தின் ஓரம் பிளாஸ்டிக் சட்டத்துக்குள் மறைந்திருக்கும். 17 அங்குலம் என்று விற்ற டியூப் மொனிட்டரில் கண்ணுக்குத் தெரிந்தது ஏறக்குறைய 16 அங்குலம்தான். சாக்குக்குக் கழித்த மாதிரி! 1990களின் நடுவில் அமெரிக்காவில் இதற்காக வழக்குப் போட்டார்கள். அதற்குப் பிறகுதான் 'பார்க்கக்கூடிய அளவு' என்று தனியாக அச்சடிக்கத் தொடங்கினார்கள். ஒருவர் டேப்பை எடுத்து அளந்து பார்த்துக் கேள்வி கேட்டால் எண் திருந்தும் என்பதற்கு அது ஒரு சாட்சி.

எல்.சி.டி வந்ததும் இந்தக் குறை போனது. 19 அங்குலம் என்றால் தெரிவதும் 19தான். ஆனால் வேறொரு வழியில் கழிவு வந்தது.

சதுரத்தில் இருந்து நீளத்துக்கு

பழைய திரைகளின் வடிவம் 4:3. 1890களில் எடிசனின் ஆய்வுகூடத்தில் 35 மில்லிமீற்றர் பிலிமுக்கு வைத்த வடிவத்தை டிவி எடுத்துக்கொண்டது, டிவியிடம் இருந்து கொம்பியூட்டர் எடுத்துக்கொண்டது. பிறகு வந்த 17, 19 அங்குல எல்.சி.டிகள் 5:4, அதாவது 1280 × 1024. கிட்டத்தட்டச் சதுரம். இன்றைக்கும் பாவித்த சாமான் கடைகளில் அடுக்கி வைத்திருக்கும் 'ஸ்குவார் மொனிட்டர்' இவைதான். 16:9 என்ற நீள வடிவம் 1980களில் அமெரிக்கப் படத்தொழில் பொறியியலாளர்கள் அகலத்திரை டிவிக்காக முன்வைத்தது. கட்டுரை எழுதுகிறவர்களையோ பாடம் படிக்கிறவர்களையோ நினைத்துச் செய்ததில்லை, சினிமாவை நினைத்துச் செய்தது.

மூலைக்கு மூலை ஒரே 19 அங்குலம் இருந்தாலும் வடிவம் மாறினால் பரப்பளவு மாறும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 5:4 வடிவத்தில் 19 அங்குலத் திரைக்கு ஏறக்குறைய 176 சதுர அங்குலம். 16:9 வடிவத்தில் அதே 19க்கு 154தான். பெட்டியில் எண் மாறவில்லை, கைக்கு வந்தது எட்டில் ஒரு பங்கு குறைந்துவிட்டது.

உயரத்தைப் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். பழைய 19 அங்குலச் சதுர மொனிட்டரின் உயரமும் புது 24 அங்குல நீள மொனிட்டரின் உயரமும் கிட்டத்தட்ட ஒன்று, 12 அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. 18.5 அங்குல நீள மொனிட்டரின் உயரம் 9 அங்குலம்தான். படம் பார்க்க நீளம் நல்லது. பாஸ்ட் பேப்பர் படிக்கவும் கட்டுரை டைப் பண்ணவும் உயரம்தான் வேண்டும். மேலிருந்து கீழாகத்தானே வாசிக்கிறோம்!

மூணு சுழி ண எங்கே போனது?

இப்போது முக்கியமான எண்ணுக்கு வருவோம்: பிக்சல். எனக்கு இந்த ஸ்டிக்கரிலேயே அரசியல் அதிகமாகத் தெரிவது இந்த எண்ணில்தான்.

1981இல் ஐ.பி.எம் தன் தனிநபர்க் கணினியை வெளியிட்டது. அதன் எழுத்துத் திரையில் ஒரு வரிக்கு 80 எழுத்து, மொத்தம் 25 வரி. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு கட்டம், கட்டத்துக்குள் 9 × 14 புள்ளி. அதோடு வந்த வண்ணத் திரை அட்டையில் ஓர் எழுத்துக்கு வெறும் 8 × 8 புள்ளி. ஆங்கிலத்தின் 26 எழுத்துக்கு அது போதும். தமிழுக்கு?

ஒரு கொப்பியில் எட்டுக்கு எட்டுக் கட்டம் போட்டு, ஒரு கட்டத்துக்கு ஒரு புள்ளி என்று வைத்து 'ண' எழுதிப் பாருங்கள். ரெண்டு சுழி ன, மூணு சுழி ண என்றுதானே சின்ன வயதில் படித்தோம். மூணு சுழியும் ஒரு காலும் எட்டுப் புள்ளி அகலத்தில் அடங்காது. அடக்கினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மேலே மெய்ப்புள்ளி வைக்க ஒரு வரிசை வேண்டும், 'ணி' எழுத மேல் வளைவுக்கு இடம் வேண்டும், 'ணூ' எழுதக் கீழே இடம் வேண்டும். 'கொ' மூன்று கட்டத்தைப் பிடிக்கும். அந்தத் திரை தமிழைத் தடை செய்யவில்லை, தமிழ் என்று ஒன்று இருக்கிறது என்றே நினைக்கவில்லை.

நம்ம மாதிரியே கஷ்டப்பட்ட ஒருவர் இதற்கு வழி கண்டுபிடித்தார். வான் சுவன்னுகுல் என்ற தாய்லாந்துக்காரர், கலிபோர்னியாவில் தன் ஆய்வேட்டைத் தாய் எழுத்தில் ஐ.பி.எம் கணினியில் எழுத நினைத்தார். தாய் எழுத்திலும் மேலும் கீழும் குறிகள் உண்டு. திரை இடம் கொடுக்கவில்லை. அவர் சும்மா இருக்காமல் 720 × 348 புள்ளிகளைத் தனித்தனியாக வரையக்கூடிய ஓர் அட்டையைத் தானே வடிவமைத்தார். 1982இல் வந்த அந்த 'ஹெர்குலிஸ்' அட்டை பிறகு உலகம் முழுக்க விற்றது. கூர்மையான திரை வேண்டும் என்ற கேள்வி விளையாட்டில் இருந்து மட்டும் வரவில்லை. தன் மொழியை வாசிக்க வேண்டும் என்ற ஒரு ஆசிய மாணவரின் தேவையில் இருந்தும் வந்தது.

1987இல் வி.ஜி.ஏ வந்தது, 640 × 480. பாவித்த சி.பி.யூக்களின் பின்னால் இன்றைக்கும் இருக்கும் நீலநிறச் சொருகி அதன் ஞாபகம்தான். புள்ளிகள் கூடியதும் தமிழ் எழுத்துருக்கள் வரத் தொடங்கின. நம்ம நாட்டில் 'பாமினி' எழுத்துருவில் எத்தனை கோயில் நோட்டீஸ், எத்தனை பரீட்சைத் தாள், எத்தனை சங்கக் கடிதம்! யுனிகோட்டில் தமிழ் 1991லேயே இடம்பெற்றாலும் விண்டோஸ் 2000, எக்ஸ்பி வந்த பிறகுதான் சாதாரண மேசைக்கு வந்தது. எல்.சி.டியில் ஒரு பிக்சலுக்குள் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று துண்டு உண்டு. அந்தத் துண்டுகளையும் பாவித்து எழுத்தின் ஓரத்தை மெருகாக்கும் 'கிளியர்டைப்' முறையை மைக்ரோசொப்ட் 1998இல் அறிவித்தது. சுழிகள் நிறைந்த நம்ம எழுத்துக்கு அது பெரிய உதவி.

இதில் இருந்து கடையில் கேட்க வேண்டிய கேள்வி என்ன? அங்குலத்தையும் பிக்சலையும் தனித்தனியாகப் பார்க்காதீர்கள். ஓர் அங்குலத்துக்குள் எத்தனை பிக்சல் என்று பாருங்கள். அகலத்தின் வர்க்கத்தையும் உயரத்தின் வர்க்கத்தையும் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, அங்குலத்தால் வகுத்தால் வந்துவிடும். பைதகரஸ் தேற்றம் ஒருநாள் உதவும் என்று சேர் சொன்னது இதற்காகத்தான் போல.

18.5 அங்குலம், 1366 × 768: அங்குலத்துக்கு ஏறக்குறைய 85. பழைய 19 சதுரம்: 86. 21.5 அங்குலம், 1920 × 1080: 102. 24 அங்குலத்தில் அதே 1080: 92. அதே 1080ஐ 27 அங்குலத்தில் நீட்டினால் 82தான். காசு கூடக் கொடுத்துச் சுழி மங்கிய எழுத்தை வாங்குகிறீர்கள். 27 வேண்டும் என்றால் 2560 × 1440 பாருங்கள், 109 வரும்.

"வீட்டுல 32 இஞ்சி டிவி இருக்கே, அதையே மாட்டினா என்ன?" என்று கேட்கலாம். மாட்டலாம். ஆனால் 1366 × 768 டிவியாக இருந்தால் அங்குலத்துக்கு 49 பிக்சல்தான். எட்டு அடி தள்ளி உட்கார்ந்து படம் பார்க்கச் செய்தது அது. இரண்டு அடியில் உட்கார்ந்து வாசித்தால் ஒவ்வொரு எழுத்தும் பல்லிளிக்கும்.

ஹேர்ட்ஸ்: கண்ணுக்கா, விளையாட்டுக்கா?

ஹேர்ட்ஸ் என்றால் ஒரு செக்கனில் திரை எத்தனை தடவை புதுப்பிக்கப்படுகிறது என்பது. நம்ம கரண்ட் 50 ஹேர்ட்ஸ். நம்ம டிவி முறையும் 625 கோடு, 50 ஹேர்ட்ஸ். ஆரம்பகால டிவியைக் கரண்டின் துடிப்போடு பொருத்தினார்கள், படத்தில் அலை ஓடாமல் இருப்பதற்காக.

டியூப் மொனிட்டரில் இந்த எண் உடம்போடு சம்பந்தப்பட்டது. பொஸ்பர் ஒளிர்ந்து உடனே அணையும், அடுத்த தடவை கதிர் வந்தால்தான் மறுபடி ஒளிரும். 60 ஹேர்ட்ஸில் வைத்தால் துடிப்பது தெரியும், கண் எரியும், தலை இடிக்கும். 75, 85 என்று கூட்டி வைத்தால் சுகம். தெரிந்தவர்கள் கூட்டி வைத்தார்கள், தெரியாதவர்கள் தலையிடியோடு இருந்தார்கள்.

எல்.சி.டி அப்படி அணைந்து அணைந்து எரிவதில்லை. அடுத்த படம் வரும்வரை பிக்சல் தன் நிலையைப் பிடித்துக்கொண்டு இருக்கும். அதனால் வாசிக்க, டைப் பண்ண, ஒன்லைன் வகுப்புப் பார்க்க 60 போதும். 144, 165 எல்லாம் வேகமான விளையாட்டுக்கு. அதுவும் அத்தனை படத்தை அனுப்பக்கூடிய கிரபிக்ஸ் அட்டை சி.பி.யூவில் இருந்தால்தான். பழைய ஒபிஸ் சி.பி.யூவில் 165 மொனிட்டரை மாட்டுவது, டிரக்டரில் ரேஸ் டயர் மாட்டுகிற மாதிரி. '1 மில்லி செக்கன்' என்ற எண்ணும் அந்த உலகத்தைச் சேர்ந்ததுதான். விளையாடுகிறவர்கள் தாராளமாக வாங்குங்கள், குறையொன்றும் இல்லை. படிப்புக்கு என்று சொல்லிக் காசு வாங்கி வந்திருந்தால் அந்த எண்ணுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

ஒரு திரை, பல கண்கள்

2005இல் இருந்து அரசாங்கம் 'நெனசல' என்ற பெயரில் கணினி நிலையங்களைத் திறந்தது. பேராசிரியர் வி. கே. சமரநாயக்க தலைமை தாங்கிய ஐ.சி.டி.ஏ நிறுவனம், உலக வங்கியின் உதவியோடு செய்த வேலை. 2014இல் அந்தத் திட்டத்துக்கு கேட்ஸ் அறக்கட்டளையின் விருதும் கிடைத்தது. நம்மில் பலர் முதன்முதலில் மவுசைப் பிடித்தது அப்படியான ஒரு நிலையத்திலோ பாடசாலைக் கணினி அறையிலோதான். ஒரு கணினி, மூன்று நான்கு பேர். நடுவில் இருக்கிற ஆள் கையில் மவுஸ். ஓரத்தில் நிற்கிற பிள்ளைக்குத் திரை வெளிறிப்போய்த் தெரியும். கீழே உட்கார்ந்திருந்தால் கறுத்துப்போய்த் தெரியும்.

அது அந்தப் பிள்ளையின் கண்ணில் இருந்த கோளாறு அல்ல. பெனலின் குணம். பழைய மலிவு எல்.சி.டிகள் பெரும்பாலும் டி.என் வகை. 1970இல் சுவிட்சர்லாந்தில் சாட், ஹெல்பிரிக் என்ற இருவர் கண்டுபிடித்த முறை. மலிவு, வேகம், ஆனால் நேரே முன்னால் இருந்து பார்த்தால்தான் நிறம் சரியாகத் தெரியும். இந்தக் குறையைத் தீர்க்க ஜப்பானின் ஹிட்டாச்சி 1990களின் நடுவில் கொண்டுவந்ததுதான் ஐ.பி.எஸ். பக்கத்தில் இருந்து பார்த்தாலும் நிறம் அவ்வளவாக மாறாது. மூன்றாவது வகை வி.ஏ. கறுப்பு நல்ல கறுப்பாக இருக்கும், படம் பார்க்க அருமை, பக்கப் பார்வையில் ஐ.பி.எஸ்ஸை விடக் கொஞ்சம் குறைவு.

இணையத்தில் வரும் மொனிட்டர் விமர்சனங்களைப் பாருங்கள். தனி அறை, தனி மேசை, தனி ஆள் என்று நினைத்துத்தான் பெரும்பாலும் பேசுவார்கள். லயத்துக் காம்பரா பத்துக்குப் பன்னிரண்டு அடி. அதிலே கட்டில், அலுமாரி, சாமிப் படம், எல்லாம். மொனிட்டர் வந்தால் தம்பிக்கு வகுப்பு, அக்காவுக்கு அசைன்மென்ட், இரவில் எல்லாருக்கும் படம். ஒருவர் கதிரையில், ஒருவர் கட்டிலில், ஒருவர் தரையில். அவர்களுக்கு 165 ஹேர்ட்ஸை விட ஐ.பி.எஸ் என்ற மூன்று எழுத்து பெரிய விசயம். லயத்து வாசலில் பெட்டரி டிவி பார்த்த காலத்தில் இருந்து நம்ம திரைகள் பகிர்ந்து பார்க்கிற திரைகள்தான்.

திரை சின்னதாகிப் போன காலம்

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டதும் வகுப்பறை போனுக்குள் போனது. 2021இல் லுணுகலைப் பக்கம் சிக்னல் தேடிக் காட்டுக்குள் மலை ஏறி, மரக் குடிலில் உட்கார்ந்து படித்த பிள்ளைகளின் படம் உலகச் செய்தியானது. எல்லாரும் சிக்னலைப் பற்றிப் பேசினார்கள், சரிதான். திரையைப் பற்றி யாரும் பேசவில்லை. ஆறரை அங்குலத்துக்குள் ஆசிரியர் அனுப்பிய ஏ4 தாளின் படம். போனில் எழுத்து கூர்மையாகத்தான் இருக்கும், மலிவு போனிலேயே அங்குலத்துக்கு 270 பிக்சல் உண்டு. ஆனால் பக்கம் முழுதாகத் தெரியாது. பெரிதாக்கினால் கேள்வி தெரியும், படம் தெரியாது. படத்தைப் பார்த்தால் கேள்வி ஓடிவிடும். கூர்மையும் வேண்டும், இடமும் வேண்டும் என்பதை அந்த இரண்டு வருசம் நமக்குக் காட்டியது.

வருசக்கணக்கான போராட்டத்துக்குப் பிறகு 2021 மார்ச்சில் நாட்கூலி 1000 ரூபாய் என்று வர்த்தமானி வந்தது. அடுத்த வருசமே டொலர் 200 ரூபாயில் இருந்து 360க்குப் போனது. டொலரில் விலை மாறாத ஒரு பொருளுக்குப் பத்து நாள் கூலி கொடுத்த இடத்தில் பதினெட்டு நாள் கூலி கொடுக்க வேண்டி வந்தது. மொனிட்டரும் அப்படித்தான். அதனால்தான் சொல்கிறேன், தேவையில்லாத எண்ணுக்குக் கொடுக்கிற ஒவ்வொரு ரூபாயும் யாரோ ஒருவரின் பேர்.

கடைக்குப் போகும்போது

படிப்பு, வேலை, படம் எல்லாவற்றுக்கும் என்றால் 21.5 முதல் 24 அங்குலம், 1920 × 1080, ஐ.பி.எஸ், 60 அல்லது 75 ஹேர்ட்ஸ். இதற்கு மேல் தேவையில்லை. காசு குறைவு என்றால் பாவித்த 19 அங்குலச் சதுரம் மோசமில்லை. எழுத்து கொஞ்சம் பருமனாக இருக்கும், உயரம் நல்லாயிருக்கும். 18.5 அங்குல நீளத்தை விட எனக்கு அது மேல்.

"இது எல்.சி.டி இல்ல, எல்.இ.டி" என்று சொல்லி விலை கூட்டினால் சிரித்துக்கொள்ளுங்கள். அதுவும் எல்.சி.டிதான். பின்னால் இருக்கும் வெளிச்சம் மட்டும் குழல் விளக்கில் இருந்து எல்.இ.டிக்கு மாறியிருக்கு. அது நல்ல மாற்றம், கரண்ட் குறைவு, மெல்லிசு. அவ்வளவுதான். கொன்ட்ராஸ்ட் 'ஒரு கோடிக்கு ஒன்று' என்று போட்டிருந்தால் அதையும் விடுங்கள். சாதாரண ஐ.பி.எஸ்ஸின் உண்மையான எண் ஏறக்குறைய 1000க்கு 1, வி.ஏக்கு 3000க்கு 1 அளவில் இருக்கும்.

உங்கள் சி.பி.யூவில் இருக்கும் சொருகி வி.ஜி.ஏயா எச்.டி.எம்.ஐயா என்று முதலே பார்த்துவிட்டுப் போங்கள். பாவித்த மொனிட்டர் என்றால் கடையிலேயே போடச் சொல்லுங்கள். முழுக் கறுப்பு, முழு வெள்ளை இரண்டையும் போட்டுப் பாருங்கள், செத்த பிக்சலும் வெளிச்சம் மங்கிய மூலையும் தெரிந்துவிடும். பக்கத்தில் போய் நின்று பாருங்கள், குனிந்து கீழே இருந்தும் பாருங்கள். கடைசியாக, ஒரு தமிழ்ப் பக்கத்தைத் திறந்து 'ண', 'ன' இரண்டையும் உட்கார்ந்து வாசிக்கிற தூரத்தில் இருந்து பாருங்கள். சுழி எண்ண முடிகிறதா?

கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்ப்பார். பார்க்கட்டும். கிலோவைக் கழிக்கும்போது "ஏன்?" என்று கேட்ட அம்மாமாரையும் அப்படித்தான் பார்த்தார்கள்.